வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல வாய்க்கால் புறம்போக்கு: வீடு விக்கப் போனப்ப நாங்க பட்டதும் கத்துக்கிட்டதும்

வீடு விக்கலாம்னு முடிவு பண்ணி பத்திரம், பட்டா, ஈசி (வில்லங்கச் சான்று), வரி ரசீது எல்லாம் எடுத்து அடுக்குறவங்க நெறய பேர் ஒண்ண மட்டும் பாக்குறதே இல்ல, கேட்டுக்கு வெளிய இருக்குற நிலம் யாருதுன்னு. காம்பவுண்டு முடியுற எடத்துல ரோடு ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும், ஆனா சர்வே கணக்குல ரெண்டுக்கும் நடுவுல பத்து பதினஞ்சு அடி அகலத்துல வேற ஒரு சர்வே நம்பர் ஓடிட்டு இருக்கும், அது வாய்க்காலா இருக்கலாம், ஓடையா இருக்கலாம், பழைய வண்டிப்பாதையா இருக்கலாம், கணக்குல அரசு புறம்போக்குன்னு இருக்கும். அந்தத் துண்டு மேலதான் நம்ம கார், பைக், தண்ணி லாரி எல்லாம் போயிட்டு வரும். நாம வித்துட்டா வாங்குறவருக்கும் அந்த வழி நிக்குமா? எங்க அப்பா கட்டின வீட்ட விக்கிறப்ப இந்தக் கேள்வி வந்து பல மாசம் எல்லாம் நின்னு போச்சு. தமிழ்நாட்டுல இதே நிலைமையில எவ்வளவோ வீடு இருக்கு, அதனால விவரமா எழுதுறேன்.

எங்க நிலம் கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள்ள. மேற்கால தார் ரோடு, ரோட்டுக்கும் எங்க சுவத்துக்கும் நடுவுல பாசன வாய்க்கால். தாத்தா காலத்துல மாட்டு வண்டி போறதுக்கு வாய்க்கால் மேல கருங்கல் பலகை போட்டிருந்தாங்க, அப்பா வீடு கட்டுறப்ப அதுக்கு மேலயே கான்கிரீட் ஸ்லாப் போட்டாரு. இத்தன வருஷத்துல யாரும் வந்து ஒரு கேள்வி கேட்டதில்ல. வீடு வாங்க வந்தவர் பேங்க் லோனுக்குப் போட்டாரு, பேங்க் வக்கீல் கொடுத்த லீகல் ஒபினியன்ல டைட்டில் எல்லாம் சரி, ஆனா எஃப்எம்பி (நிலத்தோட அளவும் எல்லையும் காட்டுற சர்வே வரைபடம்) படி இந்தச் சொத்துக்கு பொது ரோட்டுக்கு நேரடி வழி இல்ல, இடையில வாய்க்கால் புறம்போக்கு இருக்கு, வழி உரிமைக்கு ஆவணம் வேணும்னு எழுதிட்டாரு. பேங்க் நிறுத்திடுச்சு. வாங்க வந்தவரும் கொஞ்ச நாள் பாத்துட்டு வேற வீடு பாத்துக்கிட்டாரு, அவர குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அவர் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்.

எஃப்எம்பி ஸ்கெட்ச எடுத்து மேசை மேல விரிச்சு ஒருதடவ நிதானமா பாருங்க. நம்ம சர்வே நம்பரோட எல்லைக் கோட்டுக்கு வெளிப்பக்கம், ஒவ்வொரு பக்கத்துலயும் பக்கத்து நிலத்தோட நம்பர் பொடி எழுத்துல இருக்கும். கேட் இருக்குற பக்கத்துல எழுதியிருக்குற நம்பர ரோட்டு நம்பர்னு எல்லாரும் எடுத்துக்குவாங்க. அந்த நம்பருக்கு அ-பதிவேடு (எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம்னு சொல்ற கிராமக் கணக்கு) எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். எங்களுக்கு அதுல 'அரசு புறம்போக்கு, வாய்க்கால்'னு வந்துச்சு, ரோடு அதுக்கும் மேற்கால வேற நம்பர்ல இருந்துச்சு. எஃப்எம்பியும் அ-பதிவேடும் அரசோட இ-சேவை வலைத்தளத்துலயே பாக்கலாம், டவுன்ல இருக்குறவங்களுக்கு நகர நில அளவைப் பதிவேடு. ஆனா அதோட நிறுத்திடாதீங்க. 1979ல ஆரம்பிச்ச யுடிஆர்ல, அதாவது நிலப் பதிவேடுகளப் புதுப்பிச்ச அரசுத் திட்டத்துல, கணக்கு எல்லாத்தையும் மாத்தி எழுதினப்ப நெறய எடத்துல தப்பு ஏறியிருக்கு, பட்டா நிலம் புறம்போக்கு ஆனதும் உண்டு, புறம்போக்கு பட்டா ஆனதும் உண்டு. அதனால யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேடு, செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் (பழைய நிலவரித் திட்டப் பதிவேடு) நகல், கிராம வரைபடம் இந்த மூணையும் வாங்கி ஒப்பிட்டுப் பாக்கணும். பழைய கணக்குல அந்தத் துண்டு நம்ம நிலத்தோடயே இருந்திருந்தா வேலை வேற மாதிரி, கணக்குத் திருத்தத்துக்கு வருவாய்த்துறைல மனு போடணும். எங்களுக்கு பழைய கணக்குலயும் வாய்க்கால்தான்.

இங்கதான் எல்லாமே நிக்குது, அந்தத் துண்டு என்ன வகைப்பாடுங்கிறதுல. புறம்போக்குன்னு ஒரே வார்த்தைல எல்லாரும் சொல்லிடறாங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் விதி வேற, கேக்க வேண்டிய ஆபீஸ் வேற. அந்தத் துண்டு சாலைப் புறம்போக்கா இருந்துச்சுன்னா, அதாவது ரோட்டோட ஓரமே அதுதான்னா, பெரிய கவலை வேண்டாம், பொது ரோட்ட ஒட்டி நிலம் வச்சிருக்குறவருக்கு ரோட்டுக்கு ஏறி இறங்குற உரிமை உண்டுன்னு கோர்ட்டுகள் ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க, சாய்தளம் போடுறதுக்கோ சாக்கடைய மூடுறதுக்கோ உள்ளாட்சி இல்லன்னா நெடுஞ்சாலைத்துறை அனுமதி வாங்கினா போதும். தேசிய நெடுஞ்சாலையா இருந்தா மட்டும் 2002ம் வருஷ சட்டப்படி வழிக்குன்னே தனியா அனுமதி வாங்கணும், அத லேசா எடுத்துக்கக் கூடாது. வண்டிப்பாதைப் புறம்போக்குன்னா அதோட நோக்கமே ஆளும் வண்டியும் போறதுதான், 1994ம் வருஷ ஊராட்சிகள் சட்டத்துல மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, தோப்பு இதுகளோட வண்டிப்பாதையும் கிராம ஊராட்சி ஒழுங்குபடுத்துற புறம்போக்கு வரிசைல வருது, அதனால ஊராட்சில இருந்து கடிதம் வாங்குறது நடக்குற காரியம். ஆனா அங்க கேட், தூண், செடி வைக்கிற மேடைன்னு எதையாவது நாம கட்டி வச்சிருந்தா அத மொதல்ல எடுத்துடணும், பாதைல போறதுக்குத்தான் உரிமை, அடைச்சு வைக்கிறதுக்கு இல்ல.

கோயில் நிலம் புறம்போக்கே கிடையாது, அது 1959ம் வருஷ அறநிலையத்துறைச் சட்டத்துக்குக் கீழ வரும், நிர்வாக அதிகாரி வாய் வார்த்தையா போங்கன்னு சொன்னத நம்பி வீட்ட விக்காதீங்க. வனத்துறை நிலம்னா 1980ம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு ஒப்புதல் வரைக்கும் போகும்.

எல்லாத்துலயும் கஷ்டமானது நீர்நிலை. வாய்க்கால், ஓடை, ஏரி, குளம் எல்லாம் வருவாய்த்துறை பாஷைல ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அதுக்கு பட்டா வராது, யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. நீர்நிலை ஆக்கிரமிப்ப எடுக்கணும்னு 2005ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 2007ல ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமே வந்துச்சு. அது சரியான சட்டம்னுதான் நான் சொல்லுவேன். எங்க வாய்க்கால்ல போற தண்ணி எங்க வீட்டத் தாண்டி கடைமடைல இருக்குறவங்க வயலுக்குப் போகுது, எங்க ஸ்லாப்புனால அங்க தண்ணி குறைஞ்சா அது அநியாயம். அதனால இந்த விஷயத்துல வாய்க்கால எப்படியாவது நம்ம பேருக்கு மாத்துறதுன்னு யோசிக்கவே கூடாது, வாய்க்காலுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாம அது மேல போக முறையான அனுமதி எப்படி வாங்குறதுன்னு மட்டும்தான் யோசிக்கணும்.

அடுத்தது எல்லாரும் சொல்ற அந்த 'முப்பது வருஷம்'. முப்பது வருஷமா போறோம், இனிமே கவர்மென்ட்டே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஊர்ல பத்துல ஒம்போது பேர் சொல்லுவாங்க. சட்டத்துல இதுக்கு ஆதாரம் இருக்கு, இல்லன்னு சொல்லல. 1882ம் வருஷ ஈஸ்மென்ட் சட்டத்தோட (ஈஸ்மென்ட்னா அடுத்தவர் நிலத்துல நமக்கு இருக்குற வழி மாதிரியான உரிமை) 15வது பிரிவு, அமைதியா, வெளிப்படையா, உரிமையோட, இடைவிடாம ஒரு வழிய அனுபவிச்சுட்டு வந்தா தனியார் நிலத்துல 20 வருஷத்துலயும் அரசு நிலத்துல 30 வருஷத்துலயும் வழி உரிமை வரும்னு சொல்லுது. அரசு நிலத்துக்கு முன்னாடி 60 வருஷமா இருந்துச்சு, 1963ம் வருஷ லிமிட்டேஷன் சட்டம் (காலவரையறைச் சட்டம்) வந்தப்ப அத 30 ஆக்கினாங்க. ஆனா முப்பது வருஷம் முடிஞ்ச அன்னிக்குத் தானா உரிமை வந்து உக்காந்துக்காது. வழக்குப் போட்டு கோர்ட்டுல நிரூபிச்சு டிகிரி (தீர்ப்பாணை) வாங்கினாத்தான் அது முழுசா உரிமையா நிக்கும், அந்த அனுபவமும் வழக்குப் போடுறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள வரைக்கும் தொடர்ந்து இருந்திருக்கணும். அரசு மேல வழக்குன்னா சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுல ரெண்டு மாச நோட்டீஸ் வேற குடுக்கணும். வீடு விக்கிற அவசரத்துல இருக்குறவருக்கு இது எத்தன வருஷ வேலைன்னு யோசிச்சுக்கங்க. அதுவும் வாய்க்கால் மேல கேக்குறோம், பொது நீர்வழில தனியாருக்கு உரிமை குடுக்க எந்த கோர்ட்டும் ரொம்ப யோசிக்கும்.

இதுல எங்க வக்கீல் சார் எங்களுக்கு விளக்கின ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், இத யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. 'உரிமையோட' அனுபவிக்கிறதும் 'அனுமதியோட' அனுபவிக்கிறதும் ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப்போகாது. இன்னிக்கு நாம போய் அரசுத் துறைல அனுமதி குடுங்கன்னு மனு எழுதிக் குடுத்தா, இத்தன நாளா உரிமைன்னு நெனச்சுப் போகலங்கிறதுக்கு நாமளே சாட்சி எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும், பின்னாடி 15வது பிரிவுல வழக்குப் போட்டா அரசு வக்கீல் அந்த மனுவத்தான் மொதல்ல எடுத்துக் காட்டுவாரு. அதே மாதிரி அந்தத் துண்டுக்கு பட்டா குடுங்கன்னு கேட்டு மனு போட்டிருந்தாலும் சிக்கல், ஏன்னா நிலமே என்னுதுன்னு சொல்றவர் அடுத்தவன் நிலத்துல எனக்கு வழி உரிமை இருக்குன்னும் சொல்ல முடியாது, ரெண்டுல ஒண்ணுதான். அதனால எந்த மனுவிலயும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எந்தப் பாதைல போகப் போறோம்னு வீட்டுல உக்காந்து பேசி முடிவு பண்ணிடணும். நீர்நிலை இல்லாம வெறும் தரிசோ பழைய பாதையோ இருந்து, சாட்சியும் ஆவணமும் பலமா இருந்து, விக்க அவசரம் இல்லன்னா வழக்குக்குப் போகலாம், அது பலமான உரிமை, நிலத்தோடயே சேர்ந்து வாங்குறவருக்கும் போயிடும். எங்களுக்கு வாய்க்கால், அப்பாவுக்கும் வயசாயிடுச்சு, நாங்க அனுமதி வழியத்தான் எடுத்தோம். அப்பாவுக்கு அது மனசுக்கு ஒத்துக்கவே இல்ல, எங்கப்பா காலத்துல இருந்து போற வழிக்கு நான் எதுக்குப் போய் கெஞ்சணும்னு கேட்டாரு, அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு, ஆனா விக்கிறதுக்கு காகிதம் வேணும்.

வேற வழியே இல்ல, அவசியம்ங்கிற அடிப்படைல உரிமை கிடைக்காதான்னு கேப்பாங்க. 13வது பிரிவு இருக்கு, ஆனா அது ரெண்டு நிலமும் ஒரு காலத்துல ஒருத்தர் கையில இருந்து அப்புறம் பிரிஞ்சிருந்தாத்தான் பொருந்தும். வாய்க்காலும் நம்ம நிலமும் எப்பவுமே ஒருத்தர்கிட்ட இருந்ததில்ல. ஆனா இத சும்மா விட்டுடாதீங்க, தாய்ப்பத்திரத்தப் பாருங்க. நம்ம நிலமும் பக்கத்து நிலமும் ஒரே பெரிய நிலத்துல இருந்து பிரிச்சு வித்ததா இருந்து, பக்கத்து நிலம் நேரா ரோட்டத் தொட்டுச்சுன்னா, அந்த வழியா கேக்க நமக்கு இடம் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோட பேசி எழுதி பதிவு பண்ணிக்கிட்டா அரசு ஆபீஸ் பக்கமே போக வேண்டியதில்ல.

தாய்ப்பத்திரம்னு சொன்னேன்ல, அதப் பத்தியும் சொல்லிடறேன். எங்க தாத்தா வாங்கின கிரயப் பத்திரம் கைல எழுதினது, மை மங்கிப் போய் கடைசிப் பக்கம் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாத்தான் படிக்க முடியும். அதுல சொத்து விவரத்துக்குக் கீழ 'மாமூல் வழித்தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போக வர உள்ள பாத்தியமும் சேர்ந்தது'ன்னு ஒரு வரி. இதப் பாத்ததும் வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா அது வித்தவருக்கும் வாங்கினவருக்கும் நடுவுல எழுதிக்கிட்டது, வாய்க்காலுக்குச் சொந்தக்காரரான அரசு அந்தப் பத்திரத்துல பார்ட்டியே இல்ல, அதனால அரசக் கட்டுப்படுத்தாது. அத்தன வருஷத்துக்கு முன்னாடியே வழி இருந்துச்சுங்கிறதுக்கு நல்ல சாட்சி, அவ்வளவுதான். அதே பத்திரத்துல நான்கெல்லைல 'வாய்க்காலுக்குக் கிழக்கு'ன்னு தெளிவா இருக்கு, ஆனா பிற்பாடு தாத்தா அப்பாவுக்கு எழுதிக் குடுத்த தான செட்டில்மென்ட்ல பத்திரம் எழுதினவர் 'ரோட்டுக்குக் கிழக்கு'ன்னு மாத்தி எழுதிட்டாரு. நேர்ல பாத்தா ரோடுதானே தெரியும், அதனால எழுதியிருப்பாரு. பேங்க் வக்கீல் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பிடிச்சாரு. உங்க பத்திரங்கள்ல நான்கெல்லைய மட்டும் வரிசையா ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, மாறுற எடம் உடனே கண்ணுல படும், அத நாம மொதல்ல பாத்துடறது நல்லது.

சிலர்கிட்ட பி மெமோ ரசீது இருக்கும். புறம்போக்க அனுபவிக்கிறதுக்கு 1905ம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த்துறை போடுற தீர்வை அது. பணம் கட்டிட்டோம், அதனால உரிமை வந்துடுச்சுன்னு நெனைக்கிறாங்க, வராது, நீங்க ஆக்கிரமிப்பாளர்னு அரசு பதிவு பண்ணி வச்சிருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். இருந்தா அத மறைக்காம வக்கீல்கிட்ட குடுத்துடுங்க.

மறைக்கிறதுன்னு வந்ததால இதச் சொல்லியே ஆகணும். மொத பார்ட்டி போனதும் புரோக்கர் ஒருத்தர் வந்து, லோன் போடாத முழுப் பணப் பார்ட்டியா பாத்துடலாம்ணே, பேங்க் இல்லன்னா எஃப்எம்பி எல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க, பாலம் கண்ணு முன்னாடி கிண்ணுனு நிக்குது, நீங்களா வாயத் திறக்காதீங்கன்னு சொன்னாரு. அவர அதோட அனுப்பிட்டோம். மொத காரணம், வாழ்நாள் சேமிப்பப் போட்டு ஒருத்தர் வீடு வாங்குறாரு, நாளைக்கு துறைல இருந்து வந்து ஸ்லாப்ப இடிச்சா அவர் குடும்பம் வீட்டுக்குள்ள எப்படிப் போகும்? ரெண்டாவது, சட்டமும் விடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55வது பிரிவுல, விக்கிறவருக்குத் தெரிஞ்சு, வாங்குறவர் சாதாரணமா விசாரிச்சாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைய விக்கிறவர் சொல்லியே ஆகணும்னு இருக்கு, சொல்லாம விட்டா அது மோசடின்னே அந்தப் பிரிவு சொல்லுது. லீகல் ஒபினியன் ஒருதடவ எழுத்துல நம்ம கைக்கு வந்துடுச்சுன்னா எனக்குத் தெரியாதுன்னு இனி எப்பவும் சொல்ல முடியாது.

அனுமதி வாங்கின கதைக்கு வர்றேன். மொதல்ல போட்டது ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபா கட்டணம், முப்பது நாளுக்குள்ள பதில் தரணும். அந்த சர்வே நம்பர் என்ன வகைப்பாடு, வாய்க்காலோட பதிவு அகலம் எவ்வளவு, அந்த எடத்துல ஆக்கிரமிப்பு நடவடிக்கை ஏதும் நிலுவைல இருக்கா, வாய்க்கால அகலப்படுத்தவோ கான்கிரீட் போடவோ திட்டம் இருக்கா, இந்த நாலும்தான் கேட்டோம். ஏன் செய்யல, ஏன் தரலன்னு சண்டை போடுற மாதிரி கேள்வி கேட்டா ஆர்டிஐல ஒண்ணும் கிடைக்காது, இருக்குற ஆவணத்தோட நகலக் கேக்கணும். வந்த பதில்ல எந்த நடவடிக்கையும் நிலுவைல இல்லைன்னு கையெழுத்தோட இருந்துச்சு, அந்த ஒத்த தாள் பின்னாடி வாங்குறவருக்கும் பேங்குக்கும் எங்க வாய்ச் சொல்ல விட நூறு மடங்கு உதவுச்சு.

அப்புறம் நீர்வளத்துறைக்கு மனு, நகல் தாசில்தாருக்கும் ஊராட்சிக்கும். பிரிவு அலுவலகத்துல உதவிப் பொறியாளர் நல்லவர், போயிட்டு வாங்க, யாரும் இடிக்க மாட்டாங்கன்னு சொன்னாரு. நல்ல மனசோட சொன்னாலும் அது ஆணை ஆகாது, அவர் மாறிப் போனா அவரோட அந்த வார்த்தையும் போயிடும். ந.க. எண் (ஆபீஸ் ஃபைல் எண்), தேதி, கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரோட கையெழுத்து இதெல்லாம் இருக்குற செயல்முறை ஆணை கைக்கு வர்ற வரைக்கும் எதுவும் வந்ததா கணக்கு வைக்காதீங்க. ஃபைல் நகராம நின்னப்ப கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாள்ல ஒரு மனு குடுத்தோம், அதுக்கு ஒரு எண் போட்டு அனுப்புவாங்க, அதுக்கு பதில் எழுதியே ஆகணும்ங்கிறதால ஃபைல் நகர்ந்துச்சு.

கூட்டுப் புலத்தணிக்கைக்கு சர்வேயர், விஏஓ, பொறியாளர் மூணு பேரும் ஒண்ணா வந்தாங்க. சர்வேயர் சார் டேப்ப பிடிச்சு எஃப்எம்பி அளவுப்படி வாய்க்கால் ரெண்டு கரைக்கும் குச்சி நட்டாரு. கிழக்குக் குச்சி எங்க காம்பவுண்டு சுவத்துக்கு வெளிய ஒரு முழம் தள்ளித்தான் நின்னுச்சு, சுவர் எங்க நிலத்துக்குள்ளயேதான் இருக்குன்னு அன்னிக்கு உறுதியாச்சு, அத ரிப்போர்ட்டுலயும் எழுதச் சொல்லி வாங்கினோம். பொறியாளர் கீழ இறங்கி ஸ்லாப்புக்கு அடில பாத்தாரு. தாத்தா காலத்து கருங்கல் தூண் ஒண்ணு வாய்க்கால் நடுவுல நின்னு, அதச் சுத்தி செத்தை, பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை எல்லாம் அடைச்சுக் கெடந்துச்சு. தண்ணி வேகமா வர்றப்ப மேல்பக்கம் ஏறி நிக்கிற தடம் கரைல தெரிஞ்சுச்சு, அதக் கைகாட்டி, இது இருக்குற வரைக்கும் நான் எழுத மாட்டேன், நடுத்தூண் இல்லாம ஒரே வீச்சுல போடுங்க, அடிமட்டத்த உயர்த்தாதீங்க, தண்ணி போற கண்ண அகலமா வைங்கன்னு சொன்னாரு. அவர் சொன்னது முழுக்க நியாயம். வாய்க்கால்ல தண்ணி நிறுத்துற காலம் வரைக்கும் காத்திருந்து பழச எடுத்துட்டு சொந்தச் செலவுல புதுசா கட்டினோம், எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரரும் அதே பாலத்தத்தான் உபயோகிக்கிறாரு, அவரும் செலவுல பங்கு போட்டுக்கிட்டாரு, அவர் பேரையும் மனுவுல சேத்துக்கிட்டோம்.

ஆணைல வந்த நிபந்தனைகள வாங்குறவர்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டணும். நிலத்துல எந்த உரிமையும் கோரக்கூடாது, துறைக்குத் தேவைப்பட்டா இழப்பீடு கேக்காம சொந்தச் செலவுல எடுத்துடணும், கழிவுநீர விடக்கூடாது, கரைல துறை வண்டி போற வழிய அடைக்கக்கூடாது, பாலத்துக்கு அடில நாமளே தூர் எடுத்து வைக்கணும். இதுல 'துறைக்குத் தேவைப்பட்டா'ங்கிற வரிதான் எல்லாரையும் பயமுறுத்தும். அத மறைச்சுப் பேசாம, ஆர்டிஐ பதில்ல அந்த எடத்துக்கு இப்ப எந்தத் திட்டமும் இல்லன்னு இருந்ததையும் சேத்துக் காட்டினோம், முடிவு அவர்கிட்ட விட்டோம்.

ரெண்டாவதா வந்த பார்ட்டிகிட்ட ஆரம்பத்துலயே எல்லாக் காகிதத்தையும் ஒரு ஃபைலா குடுத்துட்டோம். விலைல கொஞ்சம் குறைச்சுக் கேட்டாரு, குடுத்தோம், நெரந்தர உரிமைக்கும் ரத்து பண்ணக்கூடிய அனுமதிக்கும் விலை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கிரய ஒப்பந்தத்துல வழி அனுமதிய ஒரு நிபந்தனையாவே எழுதினோம், அவர் பேருக்கு அனுமதி மாறுறதுக்கு இவ்வளவு காலம், பேங்க் ஏத்துக்கலன்னா அட்வான்ஸ் முழுசா திருப்பித் தரப்படும்னு. தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தத்தயும் பதிவு பண்ணணும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து.

கிரயப் பத்திரம் எழுதுறப்ப ரெண்டு விஷயத்துல கறாரா இருந்தோம். சொத்து விவரத்துல பட்டா நிலம் மட்டும்தான், வாய்க்கால் சர்வே நம்பர் வரவே கூடாது. பத்திரம் எழுதுறவர் நல்லது பண்றதா நெனச்சு பாலத்தையும் சேத்து எழுதிட்டார்னா பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுல அரசு நிலம்னு சார்பதிவாளர் பதிவையே மறுத்துடுவாரு. நான்கெல்லைய தாத்தா பத்திரத்துல இருந்த மாதிரி 'வாய்க்காலுக்குக் கிழக்கு'ன்னே திருப்பிக் கொண்டு வந்தோம், செட்டில்மென்ட்ல ஏன் மாறி இருந்துச்சுன்னு வரலாற்றுப் பகுதில ரெண்டு வரி விளக்கம் எழுதினோம். வழியப் பத்தி 'பாத்தியம் உண்டு'ன்னு அடிச்சுச் சொல்லாம, இன்ன ந.க. எண், இன்ன தேதி ஆணைப்படி வாய்க்கால் மேல உள்ள பாலத்த அனுமதியின் பேரில் பயன்படுத்தி வர்றோம், அதோட நிபந்தனைகள வாங்குறவர் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாருன்னு உள்ளத உள்ளபடி எழுதினோம்.

கடைசியா ஒண்ணு பாக்கி. துறை குடுக்குற அனுமதி சட்டத்துல லைசென்ஸ்தான், ஈஸ்மென்ட் இல்ல. ஈஸ்மென்ட்டா இருந்தா நிலத்த வித்தா கூடவே போயிடும், லைசென்ஸ அப்படிக் கைமாத்த முடியாது, ஈஸ்மென்ட் சட்டத்தோட 56வது பிரிவு அதச் சொல்லுது. அதனால அப்பா பேர்ல இருந்த ஆணைய வச்சு புது ஓனர் ஓட்ட முடியாது. ஒப்பந்தம் பதிவானதுமே அப்பாவும் அவரும் சேர்ந்து கூட்டு மனு குடுத்தாங்க, அப்பா பேர்ல இருக்குற அனுமதிய விலக்கிக்கிட்டு அதே நிபந்தனைல வாங்குறவருக்குக் குடுக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரரும் அதுல கையெழுத்துப் போட்டாரு. ஆணை அவர் பேருக்கு வந்ததும் பேங்க் லோன விட்டுச்சு, அதுக்கப்புறம்தான் கிரயம். அந்தப் புது ஆணைல 'ஏற்கனவே வழங்கப்பட்ட அனுமதி ரத்து செய்யப்படுகிறது'ங்கிற வரி இருக்கான்னு பாத்து ஒரு நகல் நாங்களும் வாங்கி வச்சுக்கிட்டோம், இல்லன்னா நாளைக்கு பாலத்தப் பத்தி துறைல இருந்து எந்த நோட்டீஸ் கிளம்பினாலும் அது வீட்ட வித்துட்டுப் போன அப்பா பேருக்குத்தான் வரும்.